வால்வுக்காரம்மாவின் ஐம்பது நிமிடம்

நான்காம் எண் பம்ப் ஹவுஸில் ஒரு நாற்காலி உண்டு. குடிநீர் வாரியம் கொடுத்தது. கடைசி இருபத்தாறு வருடத்தில் அதில் உட்கார்ந்தது பதிவேடும் டீ டம்ளரும்தான். அம்மா அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

இரண்டு மோட்டார், ஒரு மேல்நிலைத் தொட்டி, ஆறு வால்வுகள், ஆறு தெருக்கள். முறை வைத்துத் தண்ணீர் விட வேண்டும். நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் இரும்புச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு போவாள். தெருவோர மூடியை நெம்பித் திறந்து, சாவியைக் குழிக்குள் இறக்கி, உடம்பையே சுற்றித் திருகுவாள். திரும்பி வந்து அழுத்தமானியைப் பார்ப்பாள். அரை மணிக்கு ஒரு முறை பதிவேட்டில் எழுதுவாள். மோட்டார் ஓடினால் முள் ஏறும், தண்ணீர் போகும். மோட்டார் ஓய்ந்தால் முள் இறங்கும், குழாய் வறளும். எட்டாம் வகுப்புப் படிப்புக்கு இந்தக் கணக்கு போதும்.

அந்த வட்டாரத்தில் அவள் பெயர் வால்வுக்காரம்மா. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

"கால்ல சக்கரத்தோடயா உன்னைப் பெத்தாங்க?" என்று பால் போடுகிறவர் கேட்பார்.

"சக்கரம் இருந்தா உருண்டே போயிருப்பேனே. எதுக்கு இப்படி நடந்து சாகறேன்?"

பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். டாக்டர் "உட்காருங்கம்மா" என்றால், "பரவாயில்ல சார், நீங்க உட்காருங்க" என்பாள். டாக்டர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐம்பத்தெட்டு வயதில், மூன்றாம் தெரு வால்வைத் திறந்துவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக்கசிவு. மூட ஆள் இல்லாததால் மூன்றாம் தெருவுக்கு அன்று இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் வந்தது. வாளி, அண்டா, குளிக்கிற தொட்டி என்று எல்லாவற்றிலும் பிடித்து வைத்தார்கள். எதனால் வந்தது என்று தெரிந்த பிறகு சிலர் அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டார்கள் என்று மூத்தவள் கேள்விப்பட்டாள். கொட்டியிருக்க வேண்டாம் என்று நினைத்தாள். அம்மாவுக்குப் பிடித்திருக்காது.

மூத்தவள் என்பது மகள். வயது முப்பத்தைந்து. பால் பதனிடும் ஆலையில் கருவிப் பிரிவில் வேலை. அழுத்தமானி, வெப்பமானி, வரைபடத் தாளில் கோடு போடும் பதிவுக் கருவி, எல்லாவற்றையும் கழற்றிச் சோதித்து, சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு ஒட்டுவாள். அம்மா போய் மூன்று வாரம் ஆகியும் அவளுக்கு அழுகை சரியாக வரவில்லை. எங்கோ அடைத்துக்கொண்டு நின்றது. எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இளையவனுக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வந்தது. வயது இருபத்தாறு. பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தது என்று டாக்டர்கள் சொன்னார்கள். இடது கை மடங்கியே இருக்கும். கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. பேச்சு குழறும், பழகியவர்களுக்குப் புரியும். மூளை கத்தி. வாரியத்தின் புகார்ப் பிரிவில் கணினி வழியாக வரும் வசவுகளுக்கு வலது கையால் பதில் தட்டுவதுதான் அவன் வேலை. அப்பா அவனுடைய ஐந்தாவது வயதிலேயே போய்விட்டார். அம்மாவும் அவனும் பம்ப் ஹவுஸை ஒட்டிய வாரியக் குடியிருப்பில் இருந்தார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூத்தவள் அட்டைப்பெட்டிகளோடு வந்தாள்.

"நீ என்கூட வந்துடு. ரூம் ரெடி. பாத்ரூம்ல கைப்பிடி கூட வெச்சாச்சு."

"கைப்பிடில துண்டு காயப் போடு. நான் வரல."

"வேற எங்க போவ?"

"விடுதி இருக்கு. விசாரிச்சிட்டேன். மூணு வேளை சாப்பாடு, சாய்வுப் பாதை, ஓயாம டி.வி."

"உனக்குத்தான் டி.வி.யே பிடிக்காதே."

"பழகிக்கறேன். இன்னொருத்தருக்கு நான் தண்டனையா இருக்க மாட்டேன்க்கா."

"என்னடா உளர்ற?"

"உளறல. எனக்குப் பேச்சே இப்படித்தான்."

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த தட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள். "தண்டனைன்னா?"

அவன் கைத்தடியின் நுனியால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். "அம்மா உன்கிட்ட சொல்லலையா?"

"எதை?"

"அப்போ சொல்லல." கொஞ்சம் தயங்கினான். "நான் பொறக்கும்போது அவ ஓய்ஞ்சு போயிட்டாளாம். ஒவ்வொரு வலிக்கும் நடுவுல சாஞ்சு படுத்துட்டாளாம். அவ ஓயற நேரமெல்லாம் எனக்கு ஆக்சிஜன் குறைஞ்சிருக்கு. பேப்பர்ல கோடு கோடா இருக்காம். அவளே சொன்னா. எனக்குப் பதினெட்டு வயசு அப்போ. அழுதா. நான் மன்னிச்சிட்டேன்னு சொன்னேன்."

மூத்தவள் பெட்டியைப் பக்கத்தில் தள்ளி வைத்தாள்.

"அன்னையிலேர்ந்து தினமும் மன்னிச்சிட்டிருக்கேன். ஒரு நாள் லீவு இல்ல. அவளும் தினமும் எனக்கு எல்லாம் பண்ணிக்கிட்டிருந்தா. அவளுக்கும் லீவு இல்ல. அது எங்க ரெண்டு பேர் டீலிங். உனக்கும் எனக்கும் அப்படி என்ன இருக்கு? நீ எதுக்கு என்னைச் சுமக்கணும்?"

"எந்த பேப்பர்?"

"அலமாரில மேல் தட்டு. நீல ஃபைல்."

மூத்தவள் நாற்காலி போட்டு ஏறி எடுத்தாள். எடுக்கும்போது மனதில் முதலில் ஓடியது துக்கம்கூட இல்லை. பொறாமை. கருவி, கோடு, தாள், இதுதான் தன் தொழில். அந்தத் தாளை இத்தனை வருடம் வைத்துக்கொண்டு, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அம்மா தம்பியிடம் போய் அழுதிருக்கிறாள். அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு அதே நினைப்பு மறுபடியும் வந்தது.

ஃபைலுக்குள் மடித்து மடித்து வைத்த ஒரு நீளத் தாள் இருந்தது. பிரசவ அறை மானிட்டரிலிருந்து வந்தது. பிறந்த கையோடு குழந்தையை வேறு மருத்துவமனைக்கு மாற்றியபோது, குழந்தைத் துணிகளோடு யாரோ அதையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அளந்தாள். ஒன்றேகால் மீட்டர். நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று ஓரத்தில் அச்சாகியிருந்தது. ஆக, இரண்டு மணி ஐந்து நிமிடம். மேலே ஒரு கோடு, இதயத்துடிப்பு. கீழே ஒரு கோடு, கர்ப்பப்பையின் இறுக்கம்.

வெப்பத்தால் அச்சாகிற தாள் அது. வருடங்கள் போனால் மங்கிவிடும். கடைசி ஐம்பது சென்டிமீட்டர் மட்டும் மங்கவில்லை. அம்மா அதன்மேல் பதிவேட்டுப் பேனாவால் வரைந்திருந்தாள். ஒரு முறை வரைந்தது அல்ல. நீலத்தின் மேல் நீலமாக நாலைந்து தடவை. ஒவ்வொரு முறை மங்கும்போதும் மறுபடி உட்கார்ந்து, இல்லை, நின்றுகொண்டே, வரைந்திருக்க வேண்டும்.

அந்த ஐம்பது சென்டிமீட்டரில் இருந்தது வெகு தெளிவாக இருந்தது. கீழே இறுக்கம் குன்று போல ஏறும்போதெல்லாம் மேலே துடிப்பும் ஏறியது. நூற்றைந்திலிருந்து நூற்று நாற்பதுக்கு. இறுக்கம் விடும்போது துடிப்பும் சரிந்தது. ஏற்றம், சரிவு. ஏற்றம், சரிவு. பதினாறு தடவை.

அம்மா இதை எப்படிப் படித்திருப்பாள் என்று மூத்தவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. பம்ப் ஹவுஸ் பதிவேட்டைப் படிப்பது போலத்தான். முக்கும்போது முள் ஏறுகிறது, குழந்தைக்குப் போகிறது. ஓய்ந்தால் முள் இறங்குகிறது, வறண்டுவிடுகிறது. போதாததற்கு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது வராந்தாவில் யாரோ ஒருத்தி "இந்தம்மா ஒழுங்கா முக்கவே இல்ல" என்று சொன்னதை அம்மா காதால் கேட்டிருக்கிறாள். அதையும் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். தாளும் வராந்தாக் குரலும் ஒன்றையே சொன்னால் அப்புறம் சந்தேகம் எங்கே?

அதற்குப் பிறகுதான் ஓய்வு என்பதே அவள் வீட்டில் கெட்ட வார்த்தை ஆகியிருக்கிறது. தம்பியின் தசைப் பயிற்சியில்கூட. "பத்து தடவை பண்ணிட்டு அரை நிமிஷம் விடணும்மா, தசைக்கு ஓய்வு வேணும்" என்று பயிற்சியாளர் சொல்வார். அம்மா பவ்யமாகத் தலையாட்டுவாள். வீட்டுக்கு வந்ததும் இருபது தடவை, விடாமல். "விட்டா போச்சு. விடாத. விடாதடா கண்ணு." தம்பி அலறுவான். மூத்தவள் பக்கத்து அறையில் காதைப் பொத்திக்கொண்டு இயற்பியல் படிப்பாள்.

ஒரு வாரம் அந்தத் தாள் அவள் பையிலேயே இருந்தது. பஸ்ஸில் எடுத்துப் பார்த்தாள். மதிய இடைவேளையில் விரித்துப் பார்த்தாள். ஏறும் இடம், இறங்கும் இடம், இடைவெளி என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தாள். ஏதோ ஒன்று இடித்தது. எது என்று பிடிபடவில்லை. கணக்கு அம்மா பக்கம் சாய்வதா, எதிர்ப்பக்கம் சாய்வதா என்றே தெரியவில்லை. அம்மா தவறு செய்திருந்தால் அவளை மன்னிக்க வேண்டியது தம்பியா, தானா? செய்யவில்லை என்றால் இத்தனை வருடம் நின்றது எதற்காக? வியாழக்கிழமை, சோதிக்காத ஒரு அழுத்தமானிக்குப் பச்சைச் சீட்டு ஒட்டிவிட்டாள். மேற்பார்வையாளர் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவை. திட்டவில்லை.

"லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போம்மா" என்றார்.

லீவு என்ற வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குத் திக்கென்றது.

அவள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். பிரசவ வார்டில் பன்னிரண்டு வருடம். ஏறக்குறைய ஒரே வயது. மூத்தவளை அவள் மீட்டர் என்றுதான் கூப்பிடுவாள். மதியம் கதவைத் தட்டியபோது நர்ஸ் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா மீட்டர். என்ன இந்த நேரத்துல? ஆலையை மூடிட்டாங்களா?"

"சிஸ்டர், இதைப் பாத்துச் சொல்லணும்."

சோஃபாவின் நீளத்துக்குத் தாளை விரித்தாள். நர்ஸ் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் குனிந்தாள்.

"இது என்ன, பேனாவால வரைஞ்சிருக்கு? பரீட்சைக்கா?"

"அம்மா வரைஞ்சது. தம்பி பொறந்தப்போ எடுத்தது."

நர்ஸின் முகம் மாறியது. "உட்காரு" என்றாள். மூத்தவள் தரையில் உட்கார்ந்தாள்.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க. முக்கும்போது குழந்தைக்கு ஆக்சிஜன் அதிகமாப் போகுமா? ஓயும்போது குறையுமா?"

"யாரு சொன்னா? அப்படியே தலைகீழ்." நர்ஸ் முஷ்டியை மடக்கிக் காட்டினாள். "கர்ப்பப்பைன்னா சதை. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டு போற குழாயெல்லாம் அந்தச் சதைக்குள்ள நுழைஞ்சுதான் போகுது. வலி வந்து சதை இறுகினா குழாய் நசுங்கிடும். புது ரத்தம் வராது. அந்த நேரத்துக்குக் குழந்தை இருக்கிறதை வெச்சு ஓட்டும். வலி விட்டதும் மறுபடி ரத்தம் பாயும், நிரம்பும். குழந்தைக்கு மூச்சே அந்த இடைவெளிதான்."

"தண்ணி வராத நேரத்துக்குத் தொட்டியில இருக்கிறது."

"அதேதான். ஆரோக்கியமான குழந்தைன்னா தாராளமா சமாளிக்கும். பொறக்கிற எல்லாரும் அப்படி சமாளிச்சு வந்தவங்கதான், நீயும் நானும் உள்பட. ஆனா வலி அடுத்தடுத்து வந்து இடைவெளி சுருங்கிட்டா, நிரம்பறதுக்கு நேரம் கிடைக்காது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். அதனாலதான் நடுவுல அம்மாவைச் சாஞ்சுக்கச் சொல்றதே. அம்மா ஓய்வெடுத்தா குழந்தைக்கு நல்லது. கெடுதல் எங்கேர்ந்து வரும்?"

மூத்தவள் தாளைக் காட்டினாள். "அப்போ இது ஏன் இப்படி இருக்கு? இறுகும்போதெல்லாம் துடிப்பு ஏறுதே. விட்டா இறங்குதே."

நர்ஸ் விரலால் நீலக் கோட்டின் மேலேயே போனாள். ஒரு குன்று, இரண்டு குன்று, மூன்று. அப்புறம் நிறுத்தினாள். "எப்பவாவது ஏறலாம். ஒவ்வொரு வலிக்கும் அச்சுல வார்த்த மாதிரி ஏறினா நான் அழகா இருக்குன்னு விட மாட்டேன். சந்தேகப்படுவேன். முக்கும்போது யாருக்குத் துடிப்பு இப்படி ஏறும், மீட்டர்? ரெண்டு மாடி மூட்டை தூக்கினா உனக்கு ஏறுமே, அந்த மாதிரி?"

மூத்தவள் அவளைப் பார்த்தாள்.

கருவிப் பிரிவில் சேர்ந்த முதல் நாளே படிந்துபோன கேள்வி அது. இந்தக் கருவி எதை அளப்பதாகச் சொல்கிறதோ, அதைத்தான் அளக்கிறதா? எந்த மானியைக் கையில் எடுத்தாலும் அவள் முதலில் கேட்பது அதுதான். இந்தத் தாளிடம் மட்டும் ஒரு வாரமாகக் கேட்கவில்லை. அம்மா குழந்தை என்று சொன்னதால் குழந்தை என்றே எடுத்துக்கொண்டாள்.

"வயித்துல கட்டற மானிட்டர் பெல்ட் கொஞ்சம் நகர்ந்தா போதும்" என்றாள் நர்ஸ். "குழந்தையை விட்டுட்டு அம்மாவோட ரத்தக்குழாயைப் பிடிச்சுக்கும். மெஷினுக்குத் துடிப்புன்னா துடிப்புதான். யாருதுன்னு அதுக்குத் தெரியாது. நூத்தி அஞ்சு, நூத்தி நாப்பது, பாக்கிறதுக்குக் குழந்தை மாதிரியே இருக்கும். அதுக்குத்தான் அம்மாவோட நாடியைக் கையால பிடிச்சுப் பாத்து, ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு ஒப்பிடணும். இப்ப வர்ற மெஷின்ல அதுக்குத் தனியாவே வசதி இருக்கு. அப்போ கிடையாது."

தாளின் ஓரங்களில் மங்கிய பேனாக் குறிப்புகள் இருந்தன. மூத்தவள் அவற்றை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நீலப் பகுதி தொடங்கும் இடத்தில்: பெல்ட் மாற்றிப் பொருத்தப்பட்டது, குழந்தையின் துடிப்பு நன்று. இருபது சென்டிமீட்டர் தள்ளி, அதே கையெழுத்தில்: தாயின் நாடி 108.

அதற்கு நேர் மேலே கோட்டைப் பார்த்தாள். நூற்றெட்டு.

இஸ்திரிப் பெட்டி சூடாகித் தானே அணைந்தது.

"முன்னாடி என்ன இருக்கு?" என்று நர்ஸ் கேட்டாள். "பேனா போடாத இடம்?"

மூத்தவள் செல்போனில் படம் எடுத்து, வெளுத்த சாம்பல் நிறம் கறுப்பாகும்வரை படத்தின் அடர்த்தியை ஏற்றினாள். கோடு மெல்ல மேலே வந்தது. அது வேறு கோடு. நூற்றைம்பதில் ஓடியது. ஒவ்வொரு இறுக்கத்தின் உச்சம் தாண்டியதும் நூற்றிருபது வரை பள்ளமாக விழுந்து, தாமதமாக எழுந்தது. எழுவதற்குள் அடுத்த இறுக்கம் வந்துகொண்டிருந்தது. எழுபது சென்டிமீட்டருக்கு அப்படி. பிறகு ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் வெறுமை. அதற்குப் பின் அம்மா வரைந்த நீலம்.

"இதுதான் குழந்தை" என்றாள் நர்ஸ். "இடைவெளி போதாம திணறுது. அப்புறம் மெஷின் அம்மாவைப் பிடிச்சிருக்கு. எல்லாரும் அப்பாடா, தேறிடுச்சுன்னு நினைச்சிருப்பாங்க."

"அம்பது நிமிஷம்."

"அம்பது நிமிஷம். இரு, அவசரப்படாத. நான் அங்க இல்ல. இந்த ஒரு தாளை வெச்சுத் தீர்ப்பு எழுத முடியாது. குழந்தைக்கு முன்னாடியே பாதிப்பு வந்திருக்கலாம். அந்த அம்பது நிமிஷத்துல வந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. உங்கம்மா ஓய்வெடுத்ததால வரல. அதை மட்டும் எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கறேன்."

மூத்தவள் தாளை மடித்தாள். மடிக்கும்போதுதான் உறைத்தது. அம்மா இத்தனை வருடம் மங்க மங்க வரைந்தது அம்மாவின் இதயத்தையே. மகனை மூச்சுத் திணற வைத்த ஆதாரம் என்று நினைத்து, தன் துடிப்பையே நாலைந்து தடவை கைப்பட நகல் எடுத்திருக்கிறாள். இதற்குச் சிரிப்பதா, எங்கேயாவது போய் முட்டிக்கொள்வதா என்று மூத்தவளுக்குத் தெரியவில்லை. படியில் இறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. அங்கேயே படியில் உட்கார்ந்தாள். மேலே போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அழுகை வந்தது. அதிலும் ஒரு ஒழுங்கு இல்லை.

சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பினாள். சொன்னால் தம்பி எட்டு வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கம்பியைப் பிடுங்குவதாகும். சொல்லாவிட்டால் அவன் தன்னை ஒரு தண்டனை என்று நம்பிக்கொண்டே விடுதிக்குப் போவான். சனிக்கிழமை காலை போனாள். அவன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். பெட்டியின் மேல் விடுதியின் முகவரி எழுதியிருந்தது.

நேராகச் சொன்னாள். வேறு விதமாகச் சொல்ல அவளுக்கு வராது. கர்ப்பப்பை, நசுங்கும் குழாய், இடைவெளி, பெல்ட், நூற்றெட்டு. அவன் குறுக்கே பேசவில்லை. வக்கீல் குறுக்கே பேசாமல் இருந்தது அவளுக்குப் பயமாக இருந்தது.

"நான் எங்க இருக்கேன்?" என்று கடைசியில் கேட்டான்.

செல்போனைக் காட்டினாள். "இது நீ."

அவன் திரையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். "ஒவ்வொரு தடவையும் விழுந்து எந்திரிச்சிருக்கேன்."

"ஆமா."

"அப்புறம்?"

"நாலு சென்டிமீட்டர் ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம் அம்மா."

"அந்த அம்பது நிமிஷம் நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"தெரியல. யாருக்கும் தெரியாது."

அவன் தாளை வாங்கி முழங்கால் மேல் போட்டுக்கொண்டான். நீலக் கோட்டைப் பார்த்தான். "அப்போ அவ தப்பு எதுவுமே பண்ணல."

"இல்ல."

"பண்ணாததுக்கு நான் தினமும் மன்னிச்சிருக்கேன்."

"ஆமா."

"அவளும் வாங்கிட்டிருந்திருக்கா." சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. "பெருந்தன்மையா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்க்கா. கோபம் வரும்போதெல்லாம் அவளைப் பாத்து, சரி போ, விட்டுட்டேன்னு மனசுக்குள்ள சொல்லிப்பேன். அவ மூஞ்சி அப்போ எப்படி இருக்கும் தெரியுமா? இதை அவகிட்ட இப்ப யாரு போய்ச் சொல்றது?"

வெளியே, அம்மா இடத்துக்கு வந்த புது ஆள் சாவியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"புகார் கொடுக்கலாமா?" என்றாள். சொன்னதும் அபத்தமாகப் பட்டது.

"யாருமேல? பெல்ட் மாத்தினவ யாருன்னு தெரியுமா? இருக்காளோ இல்லையோ. நான் புகார்ப் பிரிவுல உட்கார்ந்திருக்கேன்க்கா. நம்பர் கொடுப்பாங்க. பரிசீலனையில் உள்ளதுன்னு மூணு தடவை பதில் வரும். நானே அப்படித்தான் அனுப்பறேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "யார் மேல கோபப்படறதுன்னு தெரியல. முன்னாடி தெரிஞ்சிருந்துச்சு. அது சௌகரியமா இருந்துச்சு."

"எனக்கும் தெரியலடா."

அவன் தாளைத் தானே மடிக்கப் பார்த்தான். ஒற்றைக் கையால் முடியவில்லை. அவள் உதவவும் விடவில்லை. மடிந்தவரை மடித்துப் பக்கத்தில் வைத்தான்.

"சரி. உன் வீட்டுக்கு வரேன். ஒரு கண்டிஷன்."

"சொல்லு."

"நீ எனக்கு ஏதாவது பண்ணியிருக்கியா? சின்ன வயசுல கீழ போட்டது, தள்ளி விட்டது, எதுவா இருந்தாலும். இருந்தா இப்பவே சொல்லிடு. இன்னொருத்தரை மன்னிக்க என்கிட்ட தெம்பு இல்ல."

அவள் உண்மையிலேயே யோசித்தாள். வருடம் வருடமாகப் பின்னால் போய்ப் பார்த்தாள்.

"உன் பால் பவுடரைத் திருடித் தின்னிருக்கேன். டப்பா டப்பாவா."

"அது ஊருக்கே தெரியும். வேற?"

"வேற இல்ல."

"ஒண்ணுமே பண்ணலைன்னா எதுக்கு என்னைக் கூப்பிடற?"

மூத்தவள் வாயைத் திறந்தாள். ரத்த பாசம், அம்மாவின் ஆசை, கடமை என்று மூன்று பதில்கள் வரிசையில் நின்றன. மூன்றும் சோதிக்காமல் ஒட்டுகிற சீட்டு போல இருந்தன.

"தெரியலடா."

வக்கீல் அவளை ஏற இறங்கப் பார்த்தான். சந்தேகமாகத்தான் பார்த்தான்.

"அப்போ சரி" என்றான்.